எண்ணிம ஏற்றத்தாழ்வு

‘டிஜிட்டல் டிவைட்’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? இத்தொடர் 1990களின் பிற்பாதியில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. வீட்டில் தொலைபேசியும் கணினியும் இல்லாதோர் யார் என்று ஆராய்ந்து, அமெரிக்க வணிகத் துறையின் தொலைத்தொடர்புப் பிரிவு 1995 முதல் வெளியிட்ட அறிக்கைகளுள், 1999ஆம் ஆண்டு அறிக்கை இத்தொடரை வரையறுப்பதையே துணைத்தலைப்பாகக் கொண்டிருந்தது. கருவி இருப்போர், இல்லாதோர் என்ற இருகூறுதான் அன்றைய பொருள்.

‘டிஜிட்’ என்பதன் வேர், விரலைக் குறிக்கும் ‘டிஜிட்டஸ்’ என்ற இலத்தீன் சொல். விரல்விட்டு எண்ணியதால் விரலின் பெயரே இலக்கத்துக்கும் ஆயிற்று. ‘டிஜிட்டல்’ என்பதற்குத் தமிழில் உள்ள ‘எண்ணிமம்’, சிங்கப்பூரில் வழங்கும் ‘மின்னிலக்கம்’ ஆகிய இரண்டும் அந்த வேர்ப்பொருளோடு பொருந்துவனவே. (நம் நாளேடுகள் பெரும்பாலும் ‘டிஜிட்டல்’ என்றே எழுதிவிடுவது வேறு கதை.)

சிக்கல் ‘டிவைட்’ என்பதில்தான். ‘பிளவு’ என்றால் ஒன்றாயிருந்தது இரண்டானது என்றாகும். கட்சி பிளவுபடலாம், பாறை பிளவுபடலாம், இங்கோ முன்பு ஒன்றாயிருந்தது எதுவுமில்லை. ‘இடைவெளி’ அதைவிடப் பரவாயில்லை; ஆனால் ஊருக்கொரு செல்பேசிக் கோபுரம் நட்டால் தூர்ந்துவிடும் என்ற நினைப்பை அது தருகிறது. வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு வரும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே கணினி உண்டு, இணையம் உண்டு, விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆளும் உண்டு. ஆனால் ஓடிபி போய்ச் சேருவதோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் மகனின் கைபேசிக்கு, ஷிப்ட் முடியும்வரை அவர் அதை எடுக்கப்போவதில்லை. இந்த அம்மாவை இருப்போர் பக்கம் சேர்ப்பதா, இல்லாதோர் பக்கமா? சொந்தக் கைபேசி, பிறர் கைபேசி, எழுத்தறிவு, இணையதளத்தின் மொழி எனப் படிப்படியாக ஏறி இறங்கும் இந்த நிலைக்கு ‘எண்ணிம ஏற்றத்தாழ்வு’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கருத்து.

கருவி கையிலிருந்தும் சேவை எட்டாமற்போவதற்குச் சான்று, அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்கு. வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கேஒய்சி சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கண் சிமிட்டலுக்கு மாற்றுவழிகள் உட்பட 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.