காலை 08:30 சரி, இரவு 22:30 மட்டும் ஏன் 1350 ஆகிறது?

ஃபிரேம்வொர்க் எதுவும் சேர்க்காமல் வெறும் ஜாவாவில் நிரல் எழுதும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "யாமல் கோப்பில் 'காலை: 08:30', 'இரவு: 22:30' என்று இரண்டு வரிகள் வைத்திருக்கிறேன். முதலாவது ஸ்ட்ரிங்காக வருகிறது. இரண்டாவது 1350 என்ற எண்ணாக வருகிறது. அதை ஸ்ட்ரிங் என்று காஸ்ட் செய்யும் இடத்தில் நிரல் நின்றுவிடுகிறது. இது லைப்ரரியின் பிழையா?"

பிழை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறிமுறை அங்கே வேலை செய்திருக்கிறது.

முதலில் அடிப்படை. யாமல் என்பது நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் ஓர் எளிய உரை வடிவம். ஜாவாவோடு எக்ஸ்எம்எல் படிக்கும் வசதி வருகிறது, பிராப்பர்ட்டீஸ் கோப்பு படிக்கும் வசதியும் வருகிறது, யாமலுக்கு மட்டும் எதுவும் இல்லை. அதனால் பலரும் ஸ்நேக்யாமல் லைப்ரரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கோப்பை ரிசோர்சஸ் ஃபோல்டரில் வைத்து, கிளாஸ்பாத் வழியாக ஸ்ட்ரீமாகத் திறந்து லோட் செய்தால், பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் ஒரு மேப் கையில் கிடைக்கும். ஃபோல்டர் பாதையைக் கொடுத்துத் திறக்காதீர்கள். நிரலை ஜார் என்ற ஒற்றைப் பொதியாகக் கட்டியபின் அது தனிக் கோப்பாக இருக்காது.

உள்ளே நடப்பது இது: எழுத்துகள் டோக்கன்களாகின்றன, டோக்கன்கள் ஈவென்ட்களாகின்றன, அவற்றிலிருந்து நோடுகளால் ஆன ஒரு மரம் உருவாகிறது, கடைசியில் மரத்திலிருந்து ஜாவா ஆப்ஜெக்ட்கள் பிறக்கின்றன. 22:30 நடுவில் உடையாமல் ஒரே துண்டாக வருவதற்குக் காரணம், அதன் முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை என்பதுதான்.

சரி, மரம் கட்டும் கட்டத்துக்கு வருவோம். கோப்பில் இருப்பவை எல்லாம் வெறும் எழுத்துகள். இது எண், இது தேதி என்று எங்கும் எழுதியிருக்காது. ஆகவே மேற்கோள் குறி இல்லாத ஒவ்வொரு மதிப்பையும் ரிசால்வர் என்ற பகுதி பார்த்து வகையைக் கணிக்கிறது. அதனிடம் முதல் எழுத்துவாரியாகப் பிரித்த ஓர் அட்டவணை இருக்கிறது. மதிப்பு இலக்கத்தில் தொடங்கினால் அந்த வரிசையில் மூன்று ரெஜெக்ஸ்கள் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதிகள்): முழு எண், தசம எண், தேதி. இந்த வரிசையில்தான் அவை சோதிக்கப்படும், முதலில் பொருந்துவதே முடிவு. முதல் எழுத்துக்கு அட்டவணையில் இடமே இல்லையென்றால் சோதனை எதுவும் கிடையாது, நேரே ஸ்ட்ரிங். தமிழில் எழுதிய மதிப்பு ஒருபோதும் தவறாகக் கணிக்கப்படாததன் ரகசியம் இதுதான்! இத்தனை சின்ன அட்டவணை இவ்வளவு வேலையை மிச்சப்படுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

முழு எண்ணுக்கான ரெஜெக்ஸில் ஐந்து கிளைகள் உண்டு. அவற்றில் ஒன்று 60 அடிமான எண்களுக்கானது. 1 முதல் 9 வரை ஏதோ ஓர் இலக்கத்தில் தொடங்கி, முக்காற்புள்ளியும் 59-ஐத் தாண்டாத எண்ணும் வந்தால் அது பொருந்திவிடும். 22:30 பொருந்துகிறது: 22 × 60 + 30 = 1350. 08:30 பூஜ்யத்தில் தொடங்குவதால் இந்தக் கிளை அதை ஏற்காது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கான எட்டடிமானக் கிளையிலோ 8 என்ற இலக்கமே கிடையாது. தசம எண்ணுக்குப் புள்ளி இல்லை, தேதிக்கு ஆண்டு இல்லை. எல்லாம் கைவிட்டபின் அது ஸ்ட்ரிங்காகத் தப்பிக்கிறது.

இந்த 60 அடிமானம் 2005-இல் வந்த யாமல் 1.1-இன் ஏற்பாடு. 2009-இல் வந்த 1.2 அதை நீக்கிவிட்டது. ஸ்நேக்யாமல் இன்னும் 1.1-ஐத்தான் பின்பற்றுகிறது. அதே காரணத்தால் 0755 என்று எழுதினால் 493 வரும். 1.10 என்ற வெர்ஷன் எண் 1.1 ஆகிவிடுவதோ எந்தப் பதிப்பிலும் நடக்கும், அது நியாயமான தசம எண்தானே.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. காரணம் தெரியாமல் கட்டிக்கொள்ளும் தாயத்து மாதிரிதான் அது. அப்படிச் செய்தால் மேப்பில் போர்ட் எண்ணும் ஸ்ட்ரிங்காகி வேறொரு இடத்தில் உதைக்கும். இரவு நேரத்துக்கு மட்டும் மேற்கோள் போடுங்கள். அல்லது, இன்னும் நல்லது, அமைப்புகளுக்கென ஒரு கிளாஸ் எழுதி, நேரத்தை ஸ்ட்ரிங் ஃபீல்டாக அறிவித்து, அந்தக் கிளாஸாகவே லோட் செய்யச் சொல்லுங்கள். நோடு தன் மூல எழுத்துகளை அப்படியே வைத்திருக்கிறது, கணிப்பு என்பது அதன்மேல் ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. ஃபீல்டின் வகை தெரிந்ததும் லைப்ரரி சீட்டை ஒதுக்கிவிட்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளும், 22:30 முழுசாக வந்துசேரும்.

இன்னொன்று. இந்தச் சீட்டைக் கோப்பிலேயே இரட்டை ஆச்சரியக்குறி போட்டுக் கையாலும் எழுதலாம். அங்கே ஒரு ஜாவா கிளாஸின் முழுப்பெயரை எழுதினால் பழைய பதிப்புகள் அந்த ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும். கோப்பு அந்நியரிடமிருந்து வந்ததென்றால் உங்கள் கணினியில் அவர் விரும்பியதை ஓட்ட வழி திறந்ததாக அர்த்தம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-1471 என்று பதிவான ஓட்டை இதுதான். 2023-இல் வந்த 2.0 பதிப்பு இதை இயல்பாகவே அடைத்துவிட்டது. எண்ணற்ற நிரல்கள் சாய்ந்திருக்கும் இத்தகைய லைப்ரரிகளின் பராமரிப்புக்கும் ஆய்வுக்கு ஒதுக்குவதுபோல நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2.0-க்கு மாறும்போது கிளாஸோடு லோடர்ஆப்ஷன்ஸ் ஆப்ஜெக்டையும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்க வேண்டும். பழைய வரியை அப்படியே ஒட்டினால் கம்பைல் ஆகாது.