மெனோபாஸ்: நிறுத்தமா, நிற்றலா?

"மாதவிடாய் நிறுத்தம்" என்ற தொடரை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மருத்துவமனைச் சுவரொட்டி, வார இதழின் மகளிர் பக்கம், மருந்துக்கடையில் தரும் துண்டுத்தாள், யூடியூப் தலைப்பு என்று எங்கே பார்த்தாலும் மெனோபாஸுக்குத் தமிழ் இதுதான் என்று ஆகிவிட்டது. யார் நிறுத்தியது? அந்தப் பெண்ணா, டாக்டரா, மாத்திரையா? யாருமே நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அப்படியிருக்க இதற்கு எதற்கு நிறுத்தம்?

சொல்லின் பிறப்பு பெரிய கதை இல்லை. கிரேக்கத்தில் 'மென்' என்றால் மாதம், 'பௌசிஸ்' என்றால் ஓய்தல், முடிதல். இரண்டையும் ஒட்டி 1821-இல் கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 'மெனோபாஸ்' என்று எழுதினார், அது ஆங்கிலத்துக்கும் அப்புறம் நமக்கும் வந்தது. மருத்துவத்தில் இதன் பொருள் துல்லியமானது: கர்ப்பம், மருந்து போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமல் தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கொள்வார்கள். பெரும்பாலும் 45-லிருந்து 55 வயதுக்குள் நடக்கும், இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. 40-க்கு முன்னால் நின்றால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

'பாஸ்' என்பதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு "மாதவிடாய் இடைநிறுத்தம்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இது அதைவிடக் கொடுமை. இடைநிறுத்தம் என்றால் மறுபடி தொடங்கும் என்று பொருள், படிக்கிற பெண் அடுத்த மாதம் வருமென்று காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, நிறுத்தத்துக்கு வருவோம். நில் என்பது தன்வினை, நிறுத்து என்பது பிறவினை. மழை நின்றது என்கிறோம், மழை நிறுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளர்கள் நிறுத்துகிறார்கள், போர்நிறுத்தம் என்றால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு நிறுத்துகின்றன, பேருந்து நிறுத்தம் என்றால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிற இடம். நிறுத்தம் வருகிற இடத்திலெல்லாம் நிறுத்துகிற ஓர் ஆள் இருக்கிறார். இதைச் சொன்னால் இலக்கணம் தெரிந்த சிலர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: பொருந்து என்பதிலிருந்து பொருத்தம், வருந்து என்பதிலிருந்து வருத்தம், நடுங்கு என்பதிலிருந்து நடுக்கம் வரவில்லையா, வல்லெழுத்து வந்தாலும் அவை தன்வினைப் பொருள்தானே தருகின்றன, நிறுத்தமும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்துக்கும் வருந்துக்கும் அந்த வினை தன்வினையாக இருக்கிறது, 'நிறுந்து' என்று ஒரு வினை தமிழில் எங்கே இருக்கிறது? நிறுத்தம் நிறுத்து என்பதிலிருந்து மட்டுமே வர முடியும். நில் என்பதற்கு நிற்றல் இருக்கிறது, நிற்பது இருக்கிறது, நின்றுபோதல் இருக்கிறது. இத்தனை இருக்கும்போது இல்லாத வழியைத் தேடிப் போக வேண்டாம்.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று நினைத்தால் அடுத்ததைப் பாருங்கள். உண்மையாகவே மாதவிடாய் நிறுத்தப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். அறுவை செய்து இரண்டு சூலகங்களையும், அதாவது முட்டைப்பைகளையும், எடுத்துவிட்டால் மெனோபாஸ் அன்றைக்கே வந்துவிடும், தொல்லைகளும் கடுமையாகத் தாக்கும். புற்றுநோய்க்கான சிகிச்சையிலும் சிலருக்கு நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுச் சூலகங்களை விட்டுவைத்தால் இரத்தப்போக்குதான் நிற்கும், ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும், அதனால் அது மெனோபாஸே இல்லை. நம் ஊர்களில் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும், அவர்களில் பலருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாத்திரை போட்டுத் தள்ளிவைக்கிற பழக்கம் வேறு இருக்கிறது. இதையெல்லாம் பிரித்துச் சொல்ல நம் மொழியிலேயே நிற்பதும் நிறுத்துவதும் தனித்தனியாகக் கிடக்கின்றன, மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

மற்ற போட்டிச் சொற்களில் "மாதவிடாய் ஓய்வு" காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் படிக்கிறவர் அலுவலகத்தில் தரும் விடுப்பு என்றுதான் நினைப்பார். "இறுதி மாதவிடாய்" ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கிறது, அது இறுதிதானா என்பதும் ஓராண்டு கழித்தே தெரியும். "பூப்பு ஒடுக்கம்" போன்ற பழந்தமிழ் முயற்சிகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. தொல்காப்பியக் கற்பியலில் பூப்பு என்பது மாதவிடாய்தான். ஆனால் இன்றைக்குப் பூப்பு என்றால் வயதுக்கு வருவது என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள், தூய்மைக்காக அதை இழுத்து வந்தால் பொருள் கெட்டுவிடும். பழைய இலக்கியத்தில் பேதை தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்கள் சொன்னார்கள், அதுவும் நாற்பதோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்குப் பருவப் பெயரே இல்லை. இந்த இடத்தில் பழைய நூல்களிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டில் இருக்கிற அம்மாக்களிடமும் அத்தைகளிடமும்தான் கேட்க வேண்டும். அவர்கள் எப்போதும் சரியாகத்தான் சொல்கிறார்கள்: "எனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு." ஒருத்தராவது நிறுத்தி ரெண்டு வருஷம் என்று சொல்லிக் கேட்டதுண்டா?

ஆகவே என் தேர்வு "மாதவிடாய் நிற்றல்". மாதவிலக்கு என்பதை நான் தவிர்க்கிறேன், அதில் பெண்ணை ஒதுக்கி உட்காரவைத்த வழக்கம் அப்படியே இருக்கிறது. விடாய் என்றால் களைப்பு, தாகம், அதில் யாரையும் ஒதுக்குவதில்லை. மாதவிடாய் நிற்கும் காலம், நின்ற பெண்கள், நின்ற பின் என்று எப்படி வளைத்தாலும் இயல்பாக வரும். நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளை, சுற்று முன்னே பின்னே போய் ஒரு மாதம் அதிகமாகவும் அடுத்த மாதம் வராமலும் இருக்கிற அந்தக் காலத்தை, "நிற்கும் பருவம்" எனலாம்.

இதே ஆட்கள், மாதவிடாய் நிற்கிற காலத்தில் திடீரென்று உடம்பு சுட்டு வியர்க்கிற ஹாட் ஃப்ளாஷைப் படுத்துகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். "சூடான ஃப்ளாஷ்கள்" என்று பார்த்தேன், இயந்திரத்திடம் கொடுத்து வாங்கிய "சூடான பறிப்பு" என்பதையும் பார்த்தேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்துகிற பகுதி தடுமாறி, சின்ன மாற்றத்துக்கே சூடு ஏறிவிட்டதென்று எடுத்துக்கொண்டு, தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி வியர்வையைக் கொட்ட வைக்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். பெண்கள் "குப்புன்னு அனல் அடிக்குது" என்கிறார்கள். "திடீர் அனல்" என்று எழுதினால் விளக்கமே வேண்டாம்.

'இயற்கை' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். மருத்துவர்கள் இயற்கை மெனோபாஸ் என்றால் தானாக நின்றது என்று பொருள். அதைத் தமிழாக்குகிறவர்கள் மூலிகை விளம்பரத்தோடு சேர்த்து "மெனோபாஸை இயற்கையாக வெல்லுங்கள்" என்று தலைப்புப் போடுகிறார்கள். இது நோய் இல்லையே, வெல்வதற்கு. தொல்லையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அதிலும் எது எதற்கு உதவும் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நடைப்பயிற்சி, லேசான எடை தூக்குவது, கேழ்வரகு, எள், பால், வெயில் எல்லாம் எலும்புக்கு நல்லவை, நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வதால் கட்டாயம் வேண்டும். ஆனால் அனலை அவை அடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வட அமெரிக்க மெனோபாஸ் கழகம் 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளை எடைபோட்டபோது சோயாவையும் மூலிகை மாத்திரைகளையும் அனலுக்குப் பரிந்துரைக்கவில்லை, எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையையும் கூடுதல் எடையைக் குறைப்பதையும் பரிந்துரைத்தது. பருத்திப் புடவை, மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர் எல்லாம் அந்த நேரத்துக்கு ஆறுதல், தாராளமாகச் செய்யலாம். தூக்கமே போய்விடுகிற அளவுக்கு இருந்தால் மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியும் கேட்கலாம், இயற்கை என்ற ஒரு சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு துண்டுத்தாளில் இருந்த வரி: "மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பின்னான இரத்தப்போக்கு மருத்துவ மதிப்பீட்டைக் கோருகிறது." இந்தத் தாளிலேயே மிக முக்கியமான வரி இதுதான், ஏனென்றால் அந்த இரத்தப்போக்கு சில நேரம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். எழுத வேண்டியது இப்படி: "மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்."