பீரோவில் இருக்கும் கல்யாண கேசட்

தருமபுரிப் பக்கம் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். ஆனாலும் வாங்க வருகிறவர் கேட்பது, "கேசட் எப்பங்க கிடைக்கும்?" கேசட்டைத் தொட்டே பார்த்திராத மாப்பிள்ளைகூட இப்படித்தான் கேட்கிறார்.

எங்கள் தொழிலே பழைய பெயர்களில்தான் ஓடுகிறது. மெமரி கார்டில் பதிவு செய்யும் கேமராமேன் "ரோலிங்" என்கிறார். உள்ளே சுற்றுவதற்கு ஒன்றுமே கிடையாது. எடுத்த காட்சிகளுக்கு "ஃபுட்டேஜ்" என்று பெயர். ஃபிலிமை அடிக்கணக்கில் அளந்த காலத்து வழக்கு அது; 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் கிளிப்புகளைப் போட்டு வைக்கும் இடம் "பின்". வெட்டிய ஃபிலிம் துண்டுகளைக் கொக்கியில் மாட்டி, தரையில் படாமல் தொங்கவிட்ட துணித் தொட்டியின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

"கேசட்" அப்படியல்ல. ஒரு பொருளாகக் கையில் வந்துவிட்டது, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் நிஜக் கேசட்டைப் பற்றி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் எடுத்த வீடியோவில் ஓசூர், ஊத்தங்கரை கல்யாணங்களுக்கும் டைட்டிலில் "தர்மபுரி மாவட்டம்" என்றே போட்டிருப்பார்கள். உங்கள் கேசட்டில் அப்படி வந்தால் அதற்கு 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தால் பூஞ்சை. அதைப் பழைய டெக்கில் (வி.சி.ஆர்.) போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். டேப் அறுந்துபோகலாம், பூஞ்சை டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். புது டெக் வாங்கவும் வழியில்லை. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. எங்களைப் போன்றவர்கள் ஒரு டெக்கின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறோம்.

மாற்றக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். மினி டி.வி. (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேசட் என்றால் ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாக எடுத்த அசல் ஃபைல் வேண்டும். ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். ஒரு ஜிபியில் முடிந்துவிட்டதென்றால் அது சுருக்கிய காப்பி. போனில் பார்க்க அது போதும், ஆனால் அசலையும் கேட்டு வாங்குங்கள். பெரிய வி.எச்.எஸ். கேசட்டின் படம் 4:3 அளவு. புது டிவிக்கு நிரப்புகிறேன் என்று பக்கவாட்டில் இழுத்தால் பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் பூசணிக்காய் ஆகிவிடும். இரண்டு ஓரத்திலும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனிப் பென்டிரைவ். அதில் படம் நிற்பது மின்னூட்டமாக. வருஷக்கணக்கில் சொருகாமல் கிடந்தால் அது கசிந்து ஃபைல் கெட்டுப்போகலாம். பீரோவில் பூட்டுவது அதற்குப் பாதுகாப்பே அல்ல. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, தங்கச்சி வீட்டிலோ மாமனார் வீட்டிலோ இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் போட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியதைக் காப்பி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும்.

"மாஸ்டர் உங்ககிட்ட இருக்கும்லங்க?" என்பது இன்னொரு பழைய சொல். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுக்க எடுக்கப் படம் மங்கும் என்பதால் அன்று மாஸ்டர் என்ற மூலப் பதிவைத் தனியாக வைத்தார்கள். இன்று பல ஸ்டுடியோக்களில் முகூர்த்த சீசன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார்கள், அடுத்த சீசனுக்கு இடம் வேண்டுமே. எடுத்த ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.