குழாய் இல்லாத ஏசியில் எத்தனை குழாய்?

போன மே மாதம் என் சித்தப்பாவுக்கும் ஏசி மாட்ட வந்த பையனுக்கும் நடந்த சண்டைக்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு. பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். கடையில் கொடுத்த துண்டுத்தாளில் ‘குழாய் இல்லாத ஏசி, வீடுகளுக்கு ஏற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பையன் வேலையை முடித்துவிட்டு, கூடுதலாக ஓட்டிய காப்பர் பைப்புக்கு அடிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னான். சித்தப்பா தாளை எடுத்து நீட்டினார்.

“குழாயே கிடையாதுன்னுல்லா போட்டுருக்கு. பெறவு எதுக்குடே குழாய்க்குத் துட்டு கேக்க?”

“அண்ணாச்சி, அது வேற குழாய், இது வேற குழாய்.”

“அப்ப மொத்தம் எத்தனை குழாய்டே இருக்கு?”

இரண்டு பேர் பேசியதும் சரிதான். தப்பு தாளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டக்ட்லெஸ்’ என்று இருந்ததை யாரோ ‘குழாய் இல்லாத’ என்று பெயர்த்துவிட்டார்கள். அதை விளம்பரத்தில் பார்த்தேன், செய்முறைக் கையேட்டில் பார்த்தேன், வீட்டுக் குறிப்புக் கட்டுரைகளில் பார்த்தேன். சித்தப்பா வீட்டுச் சண்டையோடு என் பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். லத்தீனில் ‘டூகெரே’ என்றால் நடத்திச் செல்லுதல், இட்டுச் செல்லுதல். அதிலிருந்து வந்தது டக்ட். பஸ் கண்டக்டரும் இதே குடும்பத்து ஆள்தான். ‘லெஸ்’ என்றால் இல்லாத. அவ்வளவுதான் கதை.

பொருளைப் பார்ப்போம். எங்கள் ஊரில் டக்ட்டைப் பார்க்க ஆசைப்பட்டால் சினிமா தியேட்டரிலோ பெரிய ஜவுளிக்கடையிலோ நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். தகரப் பெட்டிகளைக் கோத்த மாதிரி, வெள்ளித்தாள் சுற்றி, கூரையை ஒட்டிச் சதுரமாக ஓடுகிறதே, அதுதான். எங்கோ ஒரு மூலையில் பெரிய இயந்திரம் காற்றைக் குளிரவைத்துத் தள்ளும். அந்தக் காற்று இதற்குள் ஓடி, அங்கங்கே உள்ள வாய்கள் வழியாக இறங்கும்.

வீட்டில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசியில் அந்தக் கதை இல்லை. அறையின் காற்று அறையைவிட்டு எங்கும் போவதில்லை. சுவரில் உள்ள பெட்டி அதையே இழுத்து, குளிர்ந்த சுருளின்மேல் ஓட்டி, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. இந்தப் பெட்டிக்கும் வெளியே கம்ப்ரசர் இருக்கிற பெட்டிக்கும் நடுவில் போய்வருவது காற்று இல்லை, கேஸ் என்று நாம் சொல்கிற குளிர்பொருள். அதற்கு மெல்லிய செம்புக் குழாய் ஒன்று, தடித்த செம்புக் குழாய் ஒன்று. தண்ணீர் வடிய மூன்றாவதாக ஒரு பிளாஸ்டிக் குழாய். ஆக, ‘குழாய் இல்லாத’ ஏசியில் மூன்று குழாய். சித்தப்பா கேட்ட கேள்விக்கு விடை அது.

குழாய் என்ற சொல் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை பார்க்கிறது. தண்ணீர் வருகிற பைப்பும் குழாய்தான், அதைத் திறக்கிற டேப்பும் குழாய்தான், புட்டு அவிப்பதும் குழாய்தான். ஒரே இயந்திரத்தில் உள்ளதற்கும் இல்லாததற்கும் அதே சொல்லைப் போட்டால் துட்டுச் சண்டை வராமல் என்ன செய்யும்?

சரி, குழாய் வேண்டாம் என்றால் வேறென்ன? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தனித்தமிழில் பற்று உள்ளவர், கோபமும் உள்ளவர். கேட்டதும் யோசிக்கவே இல்லை. “நாளமிலிக் குளிரூட்டி” என்றார். “நாளமில்லாச் சுரப்பின்னு பள்ளிக்கூடத்துல படிச்சேல்லா? அதே டக்ட்லெஸ்தாம்டே இதுவும்.”

மறுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் சொன்னது பாதி உண்மை. தைராய்டு, பிட்யூட்டரி போன்றவற்றை ஆங்கிலத்திலும் டக்ட் இல்லாத சுரப்பிகள் என்று சொல்வதுண்டு. அந்த இடத்தில் ‘நாளமில்லா’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தச் சுரப்பிக்குத் தான் சுரந்ததைக் கொண்டுபோகத் தனிக் குழல் கிடையாது, நேரே ரத்தத்தில் விட்டுவிடும். நல்ல பெயர். இரண்டு மூன்று தலைமுறை படித்து மனத்தில் ஊன்றிய பெயரும்கூட.

ஆனால் நாளம் என்றால் உள்ளே துளை ஓடுகிற தண்டு. தாமரையின் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அது உடம்புக்குள் போய் இரத்த நாளம் ஆனது. மெலிந்தது, வளைவது, உயிருள்ளது என்ற சாயல் அதற்கு ஒட்டிவிட்டது. தியேட்டர் கூரையில் ஓடுகிற தகரப் பெட்டிக்குள் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். அதைப் போய் நாளம் என்றால்? ஒரு சொல் பிழைக்குமா என்று பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றுதான்: அதை வேலைக்காரர் வாயில் வைத்துப் பார்ப்பது. ‘நாளத்தில் எலி செத்துக் கிடக்கிறது.’ ‘நாளத்தில் அடைப்பு, நாளைக்கு ஆள் வந்து சுத்தம் செய்வார்கள்.’ இரண்டாவதைப் போனில் கேட்கிற சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பஸ் ஏறிவிடுவார்கள். இன்னொன்று, பொதுவாகத் துளைத்தண்டு என்று பொருள் வைத்தால் செம்புக் குழாயும் நாளம்தான். ‘நாளமிலி’ என்றதும் சித்தப்பா மறுபடியும் தாளை எடுத்து நீட்டுவார். போதாததற்கு, வடமொழி ‘நாள’த்தோடு ஒட்டி நிற்கிற சொல் அது. தனித்தமிழ் வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை எழுத மாட்டேன்.

அவர் விடவில்லை. அடுத்து ‘காலதர்’ என்றார். அழகான சொல், ஒத்துக்கொள்கிறேன். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி. ஆனால் சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர்’ என்று வருவது மான்கண் வடிவில் அமைத்த சன்னல். ‘காலதரிலி’ என்று எழுதினால் சன்னலே இல்லாத வீட்டுக்கு ஏசி என்று ஆகிவிடும். சன்னலுக்கு நல்ல பழைய பெயர் ஒன்று இருக்கும்போது அதைப் பிடுங்கித் தகரப் பெட்டிக்குக் கொடுக்க எனக்கு மனசு இல்லை. மூன்றாவதாகத் ‘தூம்பு’ வந்தது. அதுவும் பழைய சொல்தான், ஆனால் என் மூக்குக்கு அதில் அங்கணத்துத் தண்ணீர் நாற்றம் வருகிறது.

ஆனாலும் காலதரைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கால் என்றால் காற்று மட்டுமா? எங்கள் ஊரில் தண்ணீர் ஓடுவதும் கால்தான். வாய்க்கால் இருக்கிறது. பாளையங்கால், கோடகன் கால், கன்னடியன் கால் என்று தாமிரபரணியிலிருந்து பிரிகிற ஒவ்வொன்றுக்கும் பெயரிலேயே கால் இருக்கிறது. அணையில் நிறுத்தி, வேண்டிய வயலுக்கு இட்டுச் செல்வது கால். இயந்திரத்தில் குளிரவைத்து, வேண்டிய அறைக்கு இட்டுச் செல்வது டக்ட். லத்தீன்காரன் சொன்ன ‘இட்டுச் செல்லுதல்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வாய்க்காலில் மடை இருப்பதுபோல அதிலும் திறந்து மூட அடைப்பான்கள் உண்டு. எனவே என் ஓட்டு ‘காற்றுக்கால்’. தியேட்டர் கூரையில் ஓடுவது காற்றுக்கால். காற்றுக்காலில் எலி செத்துக் கிடக்கிறது என்றால் எல்லாருக்கும் புரியும்.

இதில் நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. பக்கத்து மாவட்டத்தில் 1966-இல் பள்ளத்தாக்குக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோக ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ‘அக்குவடக்ட்’. அதே டக்ட்தான். யாரும் அதை நீர்நாளம் என்று கூப்பிடவில்லை. பார்த்தார்கள், தொட்டி மாதிரி இருந்தது, பாலம் மாதிரியும் இருந்தது. மாத்தூர் தொட்டிப்பாலம் என்றார்கள். பெயர் வைக்கிற கலை அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு ‘காற்றுக்கால் இல்லாத ஏசி’ என்று எழுதிவிடலாமா? கூடாது. சித்தப்பா காதில் ‘கால் இல்லாத ஏசி’ என்று விழும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ‘இல்லாத’வில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் கட்டும்போதே பரணுக்குள்ளும் தரைக்கு அடியிலும் காற்றுக்கால் ஓட்டிவிடுகிறார்கள். ஒரே இயந்திரம், வீடு முழுக்கக் குளிர். அந்த ஊரில் ஸ்பிளிட் ஏசி வந்தபோது, ‘இது உங்களிடம் இருக்கிற மாதிரி இல்லை, காற்றுக்கால் தேவையில்லை’ என்று சொல்லவேண்டியிருந்தது. அதனால் அந்தப் பெயர். திருநெல்வேலியில் எந்த வீட்டில் காற்றுக்கால் இருந்தது? தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி நீண்டு கிடக்கிற வீட்டில், முன்வாசலில் நுழைந்த காற்று புறவாசலில் வெளியேறும். வீடே காற்றுக்கால். இங்கே எல்லா வீட்டு ஏசியும் டக்ட்லெஸ்தான். இருந்திராத ஒன்றை இல்லை என்று சொல்லிப் பெயர் வைப்பது, கொம்பில்லாத குதிரை விற்பனைக்கு என்று விளம்பரம் போடுகிற மாதிரி.

நன்மைகள் என்று அந்த வீட்டுக் குறிப்புக் கட்டுரைகள் அடுக்குவதில் உண்மை இல்லாமல் இல்லை. பரணில் ஓடுகிற காற்றுக்காலில் கசிந்தும் சூடேறியும், அறையைக் குளிர்விக்கச் செலவழிக்கிற ஆற்றலில் 30 விழுக்காட்டுக்கு மேல்கூட வீணாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. ஸ்பிளிட்டில் அந்த நட்டம் இல்லை. ஆள் இருக்கிற அறையை மட்டும் குளிர்விக்கலாம். கம்ப்ரசர் வெளியே இருப்பதால் உள்ளே சத்தம் குறைவு. சுவரில் மூன்று அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போதும். சுண்ணாம்பும் கருப்பட்டியும் அரைத்துக் கட்டிய பழைய சுவரை வைத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும், காற்றுக்கால் ஓட்ட வேண்டுமென்றால் கட்டை அடுக்கிய மச்சையே பிரிக்கவேண்டி வரும். குறையும் உண்டு. வெளிக்காற்று உள்ளே வராது, உள்ளதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். அடைத்த அறையில் நாலு பேர் படுத்தால் விடியும்போது தலை கனக்கும். இதை அந்தக் கட்டுரைகளில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் அவற்றைத் தமிழில் படிக்கிறவன் பாடு இருக்கிறதே! ‘ஒவ்வொரு மண்டலத்தையும் தனித்தனியே குளிர்விக்கலாம்’ என்று ஒன்றில் இருந்தது. எங்கள் மாநகராட்சியில் மண்டலம் நாலு. தச்சநல்லூர் மண்டலத்தை அணைத்துவிட்டு மேலப்பாளையத்தை மட்டும் ஜில்லென்று வைக்கலாமோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அறை என்று எழுதினால் என்ன குறைந்துபோகும்? இன்னொன்றில் ஸ்பிளிட், ‘பிளவு’ ஆகிவிட்டது. ‘தரமான பிளவு’ வேண்டுமாம். சென்ட்ரல் ஏசி ‘மத்திய காற்று’. ‘1.5 டன் எடையுள்ள’ என்று எழுதியவர் அந்தப் பெட்டியை ஒருநாளாவது தூக்கிப் பார்த்திருக்கவேண்டும். அந்த டன் எடை இல்லை, ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அந்த அளவு, ஏறக்குறைய 3.5 கிலோவாட். இதெல்லாம் தமிழ் தெரியாததால் வந்த பிழை இல்லை. பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்ததால் வந்தது. ஏசி மாட்டுகிற பையனிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

ஏசிக்கே ‘குளிரூட்டி’ சரியா என்று வாத்தியார் ஒரு கிளையைத் தொடங்கினார். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906-இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர், அமெரிக்க நூற்பாலைப் பொறியாளர். அவர் யோசித்தது குளிரைப் பற்றியே இல்லை. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும், ஈரத்தைப் பதமாக வைக்கவேண்டும் என்பதுதான் அவர் கவலை. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதனால் பதம் என்பது தெரிகிற ‘குளிர்பதனி’ எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பேச்சில் ஏசி ஏசிதான், அதோடு நான் மல்லுக்கட்ட மாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. டக்ட்டுக்குக் காற்றுக்கால். ஸ்பிளிட்டுக்கு இருபெட்டி ஏசி, முறைப்படி எழுதவேண்டிய இடத்தில் இருபெட்டிக் குளிர்பதனி. உள்பெட்டி ஒன்று, வெளிப்பெட்டி ஒன்று, பெயரைக் கேட்டாலே கண்ணில் தெரிகிறது. டக்ட்லெஸ் என்பதைத் தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கு எழுதுகிற எதிலும் பெயர்க்கவே தேவையில்லை. தியேட்டர் ஏசியோடு ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ‘காற்றுக்கால் வேண்டாத’ என்று எழுதுங்கள். ‘இல்லாத’ என்றால் ஏதோ குறைகிற மாதிரி, ‘வேண்டாத’ என்றால் அது இல்லாமலே நடக்கும் என்று பொருள். சொல்ல வந்த நன்மையே அதுதானே.

இதையெல்லாம் அந்தக் கடையில் போய்ப் பொறுமையாகச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் புதுத் தாள் வந்தது. ‘குழாய் இல்லாத ஏசி’ அப்படியே இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘குழாய்க்குக் கட்டணம் தனி.’