நாற்றம் போய்விட்டது, உருளைப்புழு முட்டை போகவில்லை

செப்டிக் டேங்க் கசடையும் சுத்திகரிப்பு நிலையக் கசடையும் வயலோரம் கொட்டி ஆறு மாதம் போட்டுவைப்பது. பிறகு "கறுத்துப்போச்சு, மண் வாசனை வருது, எரு ரெடி" என்று கீரைப் பாத்திக்கு அள்ளுவது. இன்னும் எத்தனை முறை சொல்வது? கறுப்பும் மண் வாசனையும் மக்கியதற்கு அடையாளம். கிருமி செத்ததற்கு அல்ல.

நாறுவது எளிதில் மக்கும் பொருள்கள். அவை தீர்ந்ததும் நாற்றம் அடங்கும். மனிதக் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை நாறுவதும் இல்லை, கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. அதன் தடித்த ஓட்டின் துணையில் ஈர மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இதில் இன்னொன்றும் உண்டு: மலத்தோடு வெளியேறிய முட்டை உடனே தொற்றாது. ஈரமும் காற்றும் மிதமான சூடும் கிடைத்தால் சில வாரத்தில் உள்ளே புழு வளர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். சூடேறாத குவியல் அதைத்தான் கொடுக்கிறது. "பழசானால் சரியாகிவிடும்" என்று காத்திருந்த மாதங்களில் முட்டை முதிர்ந்துவிடுகிறது.

கொல்வது சூடு. அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு கசடு விதி, மக்கவைப்பதற்கு இரண்டு வழி சொல்கிறது: மூடிய கலனிலோ, அடியில் காற்று செலுத்தும் குவியலிலோ 55 டிகிரி செல்சியஸ் தொடர்ந்து 3 நாள், புரட்டிப் போடும் நீள் குவியலில் 55 டிகிரி 15 நாள், அதற்குள் குறைந்தது 5 புரட்டல்.

அந்த ஐந்து புரட்டலைத்தான் எல்லோரும் ஒரே புரட்டலாகக் குறைக்கிறார்கள். குவியலின் வெளித்தோல் சூடாவதே இல்லை. கால் பங்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கலந்து ஒருமுறை புரட்டினாலும், பதினாறில் ஒரு பங்கு இரண்டு தடவையும் வெளியிலேயே இருந்திருக்கும். 10 டன் குவியலில் அது 625 கிலோ. ஐந்து முறை புரட்டினால் இரண்டரைக் கிலோவுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு புரட்டலுக்குப் பிறகும் சூடு மீண்டும் 55-க்கு ஏறி நிற்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெப்பமானியைக் குத்தி 65 என்று பதிவேட்டில் எழுதாதீர்கள். பல இடங்களில், பல ஆழங்களில் குத்துங்கள். குறைந்த அளவுதான் கணக்கு.

கசடு தனியாகச் சூடேறாது. களிபோல் அடைந்து காற்றில்லாமல் அழுகும். நீர் வடித்த கசடு ஒரு பங்குக்கு மரத்தூள், கரும்புச் சோகை, காய்கறிக் கழிவு என்று கனஅளவில் இரண்டு மூன்று பங்கு சேருங்கள். ஈரம் 50 முதல் 60 சதவீதம். குவியல் ஒன்றரை மீட்டர் உயரமாவது இருக்கட்டும். சின்னக் குவியலில் சூடு தங்காது. மழைக்குக் கூரை கட்டாயம்.

அடுத்து ஜேசிபி வாளி. காலையில் பச்சைக் கசடு அள்ளிய வாளியால் மாலையில் முடிந்த எருவைத் தொட்டால் பதினைந்து நாள் உழைப்பும் போச்சு. தன்னோடு போட்டியிடும் கிருமிகள் சூட்டில் ஒழிந்த, முழுதாக முதிராத ஈர எருவில், வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி மறுபடி பெருகும். வாளி, மண்வெட்டி, தளம் எல்லாம் தனித்தனி. பச்சைக் கசடின் வடிநீர் எரு இருக்கும் பக்கம் ஓடக்கூடாது.

கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) குறைந்திருக்கிறது என்ற அறிக்கையோடு நிறுத்தாதீர்கள். அது முட்டைக்கு வெகு முன்பே சாகும். முட்டைப் பரிசோதனையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதலில் வரம்பு, கிராம் உலர் பொருளுக்கு ஒரு முட்டைக்குள்.

புரட்டும் தொழிலாளர்களுக்கு என்-95 முகக்கவசம் கொடுங்கள், தயவுசெய்து. கையுறை மட்டும் போதாது. கிளம்பும் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் இருக்கும். ஆஸ்துமா உள்ளவரை அந்த வேலையில் நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே நிலத்தில் போட்டுவிட்டவர்களுக்கு: ஓரளவு சுத்திகரித்த கசடுக்கே அதே அமெரிக்க விதி, மண்ணில் படும் காய் கீரைகளை 14 மாதம் அறுக்கக் கூடாது என்கிறது. கிழங்கு வகைக்கு, கசடை உடனே உழுது மூடியிருந்தால் 38 மாதம். உங்களுடையது சுத்திகரிக்காதது. அந்த நிலத்தில் இப்போதைக்கு முள்ளங்கியும் கீரையும் வேண்டாம். மரப்பயிர் வையுங்கள், குழந்தைகளை அங்கே வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள்.