வெட்டி நட்டால் இளமையாகும் ரூபார்ப்

வாழைத் தூரில் பக்கக் கன்றுகள் பெருகிவிட்டால் பெயர்த்து வேறு இடத்தில் வைப்போம். அப்படியே விட்டால் தார் சிறுத்துப்போகும். இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் ரூபார்ப் செடிக்கும் இதே கதைதான். ஐந்தாறு ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றால் காம்புகள் சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்துவிடும். உரம் போட்டாலும் அவ்வளவாகத் தேறாது.

ரூபார்பில் நாம் சாப்பிடுவது புளிப்பான இலைக்காம்பை மட்டும்தான். இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது விஷம். செடியின் உயிர் இருப்பது மண்ணுக்கடியில். கோடையில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை, தூரிலும் தடித்த வேர்களிலும் மாவுச்சத்தாகச் சேர்கிறது. அடுத்த வசந்தத்தில் முளைகள் அதைச் செலவழித்துத்தான் மேலே வருகின்றன.

அந்தச் சேமிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்ட் வட்டாரம் சாட்சி. அங்கே இரண்டு ஆண்டுகள் காம்பு பறிக்காமல் வளர்த்த செடிகளை, நன்றாகக் குளிர் பட்ட பிறகு பெயர்த்து, சூடேற்றிய இருட்டுக் கொட்டகைகளில் வைக்கிறார்கள். வெளிச்சமே கிடையாது. வேரில் இருந்ததை மட்டும் வைத்தே இளஞ்சிவப்புக் காம்புகள் மளமளவென்று வளர்கின்றன. பறிப்பதுகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். முடிந்ததும் சத்து தீர்ந்துபோன அந்த வேர்கள் மக்கு உரத்துக்குப் போய்விடும்.

சரி, வீட்டுச் செடி ஏன் மெலிகிறது? ஆண்டுக்காண்டு தூரில் புது முளைகள் பெருகுகின்றன. பந்தியில் ஆள் கூடிக்கொண்டே போக, சோறு அதே அளவில் நிற்கிறது. நடுப்பகுதி முற்றி, சில சமயம் அழுகியும் போகிறது.

இதற்கு வழி, தூரைத் தோண்டி வெட்டிப் பிரித்து நடுவதுதான். பிரிப்பதற்கு நல்ல காலம், இலைகள் பட்டுப்போன நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. செடி அப்போது உறக்கத்தில் இருக்கும். வேர் அறுந்தாலும், தண்ணீர் கேட்டு வாடுவதற்கு மேலே இலை இல்லை. தூரைச் சுற்றித் தோண்டித் தூக்கி மண்ணை உதறினால் முளைகள் தெரியும். கட்டைவிரல் பருமன், இளஞ்சிவப்பு, மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல். வெட்டினால் உள்ளே மஞ்சள் நிறம். நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி வாங்கியவர்களுக்கு இந்த மஞ்சள் பழக்கமானதுதான். அதுவும் ரூபார்பின் நெருங்கிய உறவுச் செடிதான்.

ஒவ்வொரு துண்டிலும் கொழுத்த முளை ஒன்றாவது இருக்க வேண்டும், கூடவே நல்ல வேரும். ஓரத்துத் துண்டுகளே இளையவை. முற்றிய நடுப்பகுதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். விதை போட்டு வளர்த்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, அதனால்தான் இவ்வளவு பாடு. நடும்போது முளையின் நுனி மண்மட்டத்தில் இருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால், முக்கியமாக ஈரம் தேங்கும் மண்ணில், அழுகிவிடும். செடிக்குச் செடி ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும்.

அப்புறம் வருவதுதான் கஷ்டமான பகுதி. முதல் வசந்தத்தில் காம்புகள் பளபளவென்று நிற்கும்போது கை பரபரக்கும். ஒன்றைக்கூடப் பறிக்காதீர்கள். வெட்டியதில் வேரின் பெரும்பங்கு போயிருக்கிறது, அதை அந்த இலைகள்தான் மறுபடி நிரப்ப வேண்டும். பூத்தண்டு வந்தால் உடனே அடியோடு நறுக்கிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் நாலைந்து காம்பு எடுக்கலாம், மூன்றாம் ஆண்டிலிருந்து தாராளமாக.