கேரவனுக்குப் பக்கி வாங்குவோர் இறக்கத்தைக் கணக்கிட வேண்டும்

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையிலேயே, தங்கும் வசதியுள்ள இழுவண்டியான கேரவனைப் பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்னால் மாட்டிக்கொண்டு டிராக்கன்ஸ்பர்க் மலையடிவார முகாம்களுக்குப் புறப்படும் குடும்பங்கள் டர்பன் பகுதியில் ஏராளம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே எங்கள் பிரேக் பட்டறைக்கு வருவோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்தப் பக்கி கேரவனை இழுக்குமா, அண்ணா?" இழுக்கும். இன்று சந்தையில் உள்ள டீசல் பக்கிகளில் நடுத்தரக் கேரவனை இழுக்க முடியாதது அரிது. ஆனால் என்3 நெடுஞ்சாலையில் உள்ள டவுன் ஹில்லிலும் வான் ரீனன் கணவாயிலும் இறங்கி வந்த வண்டிகளின் நீலம் பாய்ந்த பிரேக் தட்டுகளையும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்ட பிரேக் கட்டைகளையும் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, கேட்கப்படாத இன்னொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஏற்றிய சுமையோடு அந்தக் கேரவனை அந்தப் பக்கி பிடித்து நிறுத்துமா?

விளம்பரங்களில் 3,500 கிலோ என்ற எண் பெரிதாக அச்சிடப்படுகிறது. நம் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் தயாராகும் ஹைலக்ஸ் ஆகட்டும், பிரிட்டோரியாவின் சில்வர்ட்டனில் தயாராகும் ரேஞ்சர் ஆகட்டும், பெரிய எஞ்சின் கொண்டவை எல்லாம் அந்த எண்ணைச் சொல்லியே விற்கப்படுகின்றன. அது பிரேக் பொருத்தப்பட்ட இழுவண்டிக்கு உற்பத்தியாளர் தரும் உச்சவரம்பு. தென்னாப்பிரிக்கச் சாலை விதிகள் அதற்குக் கீழே இன்னொரு கோட்டைப் போட்டிருக்கின்றன. 750 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த அனுமதி எடை (சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை) கொண்ட கேரவனில், முன்னால் உள்ள வண்டியைத் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் மட்டும் இருந்தால், அந்த அனுமதி எடை பக்கியின் வெற்று எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய பிரேக் கேரவனில் இருந்தாக வேண்டும். நம்மிடம் வரும் கேரவன்களில் பெரும்பாலானவை ஓவர்ரன் பிரேக் கொண்டவையே. ஆகவே சுமார் 2,100 கிலோ வெற்று எடையுள்ள இரட்டைக் கேபின் பக்கிக்கு, சட்டப்படியான நடைமுறை வரம்பு 2,100 கிலோதானே தவிர 3,500 அல்ல. இந்த இரண்டு எடைகளும் அந்தந்த வண்டியில் ஒட்டப்படும் உரிம வட்டான லைசன்ஸ் டிஸ்கிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. என் சொந்தக் கருத்தில், மலைப்பாதைக்குக் கேரவனின் எடை பக்கியின் வெற்று எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருப்பதே நல்லது.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கி, கேரவன், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து 4,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆறு விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய 52 கிலோவாட் வேண்டும்; கேரவனின் தட்டையான முகத்தில் மோதும் காற்றும் டயர்களின் உராய்வும் இன்னும் 30 கிலோவாட் அளவில் கேட்கும். 110 கிலோவாட் டீசல் எஞ்சினுக்கு இது கைக்கெட்டிய தூரம். ஆனால் வான் ரீனன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் தோராயமாகப் பத்து விழுக்காடு வலுவை இழக்கும். பழைய 2.7 லிட்டர் பெட்ரோல் ஹைலக்ஸின் 122 கிலோவாட், அங்கே நூறைச் சற்றே தாண்டி நிற்கும். அதையும் எஞ்சினை அலறவிட்டுத்தான் பெற வேண்டும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு என்பதால், ஏற்றத்தைப் பொறுத்தவரை டீசலா பெட்ரோலா என்ற வாதத்துக்கு இடமில்லை.

இறக்கத்தில் கணக்கு வேறு. அதே 4,000 கிலோ, அதே சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்கும்போது, காற்றும் டயரும் எடுத்துக்கொண்டது போக இருபது கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஆற்றல் இடைவிடாமல் வெப்பமாக மாறியாக வேண்டும். சமையலறை மின்கெண்டிகள் பத்தை ஒரே நேரத்தில், பல நிமிடங்கள், சக்கரங்களுக்குள் கொதிக்க வைப்பதற்கு அது சமம். இந்த வெப்பம் போகக்கூடிய இடங்கள் இரண்டே: எஞ்சின், பிரேக். குறைந்த கியரில் எஞ்சினைச் சுழல விட்டால் பெரும் பகுதியை அதுவே விழுங்கிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் எவ்வளவு தடுக்கும் என்பது அதன் சிலிண்டர் கொள்ளளவையும் சுழற்சி வேகத்தையும் பொறுத்தது. ஏற்றத்தில் கைகொடுத்த டர்போ இங்கே உதவாது. இசுசு டி-மேக்ஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 110 கிலோவாட் தருகிறது, 3 லிட்டர் எஞ்சின் 140 தருகிறது. ஏறும்போது இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, இறங்கும்போது ஒரே சுழற்சி வேகத்தில் தெரியும் வேறுபாடு பெரிது. சிறிய எஞ்சின் விட்டுவிடும் மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். விலையும் எரிபொருள் செலவும் பார்த்துச் சிறிய எஞ்சினை எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இன்னும் ஒரு கியர் கீழே, இன்னும் மெதுவாக இறங்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

ஓவர்ரன் பிரேக்கில் பலர் அறியாத ஒன்றும் இருக்கிறது. நீங்கள் பெடலைத் தொடாமல் எஞ்சினால் மட்டுமே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்கினாலும், கேரவன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. டிரம் சூடாகி விரிந்து, கட்டையின் பிடிப்பு தளர்ந்து, அவசரத்தில் பெடலை மிதிக்கும்போது கேரவன் தன் பங்கைச் செய்யாமல் முழு எடையோடு பக்கியைத் தள்ளும். நீண்ட இறக்கத்தின் நடுவே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுவது இதற்காகத்தான். பிரேக் எண்ணெயும் இப்படித்தான்: டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். டர்பனின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட எண்ணெயோடு மலைக்குப் போவது கூடாது.

சுமையைப் பற்றி வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். கேனபி என்னும் பின்பகுதி மூடி, கூரைக் கூடாரம், தண்ணீர்க் கலன், ஜெனரேட்டர் என்று பக்கியிலும் ஏற்றி, கேரவனிலும் ஏற்றினால், இரண்டுக்கும் சேர்த்து உற்பத்தியாளர் விதித்த கூட்டு எடை வரம்பு முதலில் மீறப்படும். கொக்கியின் மேல் கேரவன் அழுத்தும் எடையும், அதாவது கேரவனின் எடையில் ஐந்து முதல் எட்டு விழுக்காடு, பக்கியின் சுமைக் கணக்கிலேயே சேரும். பின் ஸ்பிரிங்குக்குத் துணை ஸ்பிரிங் போட்டால் வால் தூக்கி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அனுமதி எடை ஒரு கிலோகூட உயராது. பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் முழுச் சுமையோடு ஒருமுறை நிறுத்திப் பார்த்தவர்கள் பெரும்பாலும் முகம் மாறித்தான் திரும்புகிறார்கள்.

நீளமான வீல்பேஸும் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்), பின் அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே குறைந்த தூரமும் உள்ள பக்கி, கேரவன் ஆடத் தொடங்கினால் எளிதில் அடங்கும். வான் ரீனன் உச்சியிலும் ஒலிவியர்ஸ்ஹுக் கணவாயிலும் பக்கவாட்டுக் காற்று பலமானது. லாரிகள் கடக்கும்போது இழுப்பும் சேரும். இழுவண்டி ஆட்டத்தைக் கண்டறிந்து சக்கரங்களைத் தனித்தனியே பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள மாடலுக்குச் சற்றுக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். தானியங்கி கியர்பெட்டியாக இருந்தால், கியரை ஓட்டுநரே பூட்டி வைக்கும் வசதியும், கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பானும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சானி கணவாய்க்குக் கேரவனோடு போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2,870 மீட்டருக்கு மேல் ஏறும், நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டுமே உரிய பாதை அது; கேரவனை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போங்கள். குளிர்காலத் திட்டம் என்றால் வானிலையும் பாருங்கள்: 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் பகுதியில் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, ஏராளமானோர் வண்டிகளுக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள்.

உரிமத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பி உரிமம் 750 கிலோ வரையுள்ள இழுவண்டிக்கே போதும். பெரும்பாலான கேரவன்களுக்கு, கனமான இழுவண்டிக்கான இபி உரிமம் தேவை. அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும்.

பழைய பக்கி வாங்குகிறவர்களுக்கு, டர்பனுக்கு மேற்கே உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் சாலை நல்ல சோதனைக் களம். 2013 செப்டம்பரில் ஒரு சரக்கு லாரி கட்டுப்பாடிழந்து மினிபஸ் டாக்சிகளை மோதி இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே இறக்கம்தான். நெரிசல் இல்லாத ஞாயிறு காலையில், கேரவனை மாட்டி, பைன்டவுனிலிருந்து குளூஃப் வரை ஏறி, திரும்பி அதே வழியில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குங்கள். கீழே வந்ததும் பெடல் முன்பைவிட ஆழமாகப் போகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் சிக்கியிருக்கிறது. கேரவனின் சக்கரங்கள் குளிர்ந்தே இருந்தால் அதன் பிரேக் வேலையே செய்யவில்லை. இரண்டில் எது தெரிந்தாலும், அதைச் சரிசெய்து மறுபடி அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.